குல்சூம் பிறந்தது எப்போது

எண்பத்தாறு. கையில் இருக்கிற சீட்டில் எண்பத்தாறு, சுவரில் சிவப்பாக எரிகிற பலகையில் ஐம்பத்தொன்பது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெண்கள் ஒன்றும் அவசரப்படுகிற ஆட்களாகத் தெரியவில்லை, ஆக நேரம் இருக்கிறது, அதற்குள் ஞாபகம் வந்துவிடும், வராமல் எங்கே போய்விடும், பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளை பிறந்த நாள் என்று எல்மாஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, கைக்குட்டையைத் திருகித் திருகி அது கயிறு மாதிரி ஆகிவிட்டது. ஜெர்மனிக்கு வந்து நாற்பத்தேழு வருஷம் ஆகிறது, இந்தத் துருக்கித் தூதரக அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், பாஸ்போர்ட் புதுப்பிக்க, புருஷன் இஸ்மெத் இறந்தபோது மையித்தை ஊருக்கு அனுப்ப, ஒரு தடவைகூட இப்படிப் பயந்ததில்லை. மகன் எர்தால் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, "பன்னெண்டு மணிக்கு வர்றேம்மா. ஏதாவது ஒரு தேதியைச் சொல்லிட்டு வா. யாரு வந்து சரிபார்க்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கென்ன, அவன் இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்தவன், மணி நிமிஷத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் ஊரிலிருந்து போன் பண்ணினவளுக்கு அல்லவா தெரியும். மகள் குல்சூம் அழவில்லை, சத்தம் போடவில்லை, வக்கீல் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி சொன்னாள். "நீங்க எழுதிக் கொடுத்தா போதுமாம். மூத்த பொண்ணு ஒண்ணு பிறந்து செத்துடுச்சு, அவ பிறப்புக் காகிதத்தைத்தான் எனக்குக் கொடுத்தீங்க, அவ வேற நான் வேறன்னு. அப்புறம் நான் பிறந்த நாள், மாசம், வருஷம்." இப்போது எதுக்கு இதெல்லாம் என்று எல்மாஸ் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. "வயித்துல இருக்கிறது ஈரலுக்கும் போயிடுச்சாம். பனி உருகுற வரைக்கும் தாங்குவேன்னு டாக்டர் சொல்றார். என் தலைமாட்டுல நடுற மீசான் கல்லுல என் வருஷம் இருக்கணும். செத்தவ பேர்ல வாழ்ந்தாச்சு, அவ தேதியோட கபருக்குள்ள போக மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி இன்னொன்றும் சொன்னாள். "ஜனவரி ஒண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது யாருக்கும் ஞாபகமில்லாத பிள்ளைங்களோட தேதி."

அறுபத்திரண்டு. மூத்தவள் விஷயத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை, அதுதான் கொடுமை. மூத்த குல்சூம் பிறந்தது மே ஆறு, வசந்தத்தை வரவேற்று ஊரே மேட்டில் போய்ச் சமைத்துச் சாப்பிடுகிற நாள், எல்லாரும் மேட்டில் இருக்க இவள் மட்டும் வீட்டில் வலியோடு கிடந்தாள், நாத்தனார் ஹனிஃபேதான் பிரசவம் பார்த்தாள். அறுபத்தைந்தாம் வருஷம். இஸ்மெத் பெருமையாகக் கழுதையில் ஏறி டவுனுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தான், வரும்போது அல்வா வாங்கி வந்தான். ஒன்றரை வயதில் முதல் பனி விழுந்த வாரம் மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தது. அந்தக் குழந்தையின் எடைகூட இன்னும் இந்தக் கையில் இருக்கிறது, தலையின் வாசனை இருக்கிறது, இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். சாவைப் பதிய யாரும் டவுனுக்குப் போகவில்லை, செத்த குழந்தைக்காக யார் போவார்கள். பிறகு அடுத்தவள் பிறந்தாள். பிறந்தவுடன் எல்மாஸ்தான் கத்தினாள், என் குல்சூம் திரும்பி வந்துட்டா என்று. பேர் ரெடியாக இருந்தது, தொட்டில் ரெடியாக இருந்தது. "பேரும் இருக்கு, காகிதமும் இருக்கு, பொண்ணும் வந்தாச்சு. பாதை வேற சரியில்ல. இதுக்காக ஒருதரம் டவுனுக்குப் போகணுமா?" என்றான் இஸ்மெத். அந்தப் பக்கத்தில் பாதி வீட்டில் அப்படித்தான் நடந்தது, யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. சரி, அது என்றைக்கு? இஸ்மெத் அதைச் சொன்னபோது வாசலில் நின்றானா, அடுப்புப் பக்கம் நின்றானா? பாதை சரியில்லை என்றானே, ஏன் சரியில்லை? பனியா? பனி என்றால் அது ஜனவரி, பிப்ரவரி. சேறா? சேறு என்றால் மார்ச். இல்லை, அறுப்புக் காலத்தில் மாட்டு வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்குமே, அதைச் சொன்னானா? பாவி மனுஷன், ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த அவஸ்தை உண்டா. அவன் பாதைகூடத் தேவைப்படாமல் விமானத்தின் வயிற்றில் பெட்டிக்குள் படுத்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். ஹனிஃபேக்கு நாள், கிழமை, நேரம் எல்லாம் தெரியும். அவளும் போய் ஆறு வருஷம் ஆகிறது.

மறுபடியும் முதலிலிருந்து வருவோம். வலி வந்தது, அது தெரியும். மேலே கம்பளி இருந்ததா? வேர்த்ததா? கூரையில் ஒரு நீளத் துணியில் மாவும் தயிரும் பிசைந்து காயப்போட்டிருந்த புளித்த வாசனை வந்தது மாதிரி இருக்கிறது, அப்படியானால் ஆகஸ்ட் கடைசி, ஆனால் அந்த வாசனை அவள் வீட்டில் எந்தக் காலத்தில்தான் இல்லை? ஹனிஃபே ஈரத் துணியை உதறினாள். குழந்தையைக் கையில் கொடுத்தாள். எல்மாஸ் குனிந்து பார்த்தாள், பார்த்தால் இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கிறது. அய்யோ, இது மூத்தவள். எந்தப் பக்கம் போனாலும் அவளே வந்து நிற்கிறாள், இளையவளைத் தூக்கப் போனால் கைக்குள் மூத்தவள்தான் வருகிறாள், தள்ளிப்போ தாயே, ஒரு நிமிஷம் தள்ளிப்போ, உன் தங்கச்சி சாகக் கிடக்கிறாள். எல்மாஸ் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, பக்கத்து நாற்காலிக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "என்ன பத்திரத்துக்கு வந்தீங்க, தங்கச்சி?" என்று கேட்டார். "பிறந்த தேதிக்கு" என்றாள். "உங்களுக்கா? நமக்கென்ன, நம்ம எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணுதானே! என் பேத்தி கேக்குறா, தாத்தா, உங்க ஊர்ல மத்த மாசத்துல பிள்ளையே பிறக்காதான்னு" என்று அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எல்மாஸின் பாஸ்போர்ட்டிலும் ஜனவரி ஒன்றுதான். அவளுக்கும் வாய் சிரித்துவைத்தது.

எழுபத்தொன்று. போகிற வேகத்தைப் பார்த்தால் பதினோரு மணிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள் போலிருக்கிறது, சனியன் பிடித்த பலகை, மற்ற நாளில் நகரவே நகராது. பின்னாலிருந்து வந்து பார்த்தால் என்ன? அவள் கிளம்பும்போது பிள்ளைக்கு நாலு வயது. நாலு முடிந்திருந்ததா, முடியவில்லையா? கிளம்பிய நாள் தெரியும், அதை மறக்க முடியாது, அக்டோபர் பதினேழு, செவ்வாய்க்கிழமை. அப்போது ஜெர்மனிக்காரர்களுக்கு ரேடியோப் பெட்டிக்குள் கம்பி கோக்கப் பெண்கள் வேண்டியிருந்தது, ஆண்களுக்கு வருஷக்கணக்கில் வரிசை, பெண் என்றால் ஆறு மாசத்தில் சீட்டு. நீ முன்னால போ, பின்னாலயே நான் வந்துடறேன், ரெண்டே வருஷம், ஒரு டிராக்டர் வாங்கிட்டுத் திரும்பிடலாம் என்றான் இஸ்மெத். இஸ்தான்புல்லில் உள்ளாடையோடு வரிசையில் நிறுத்திப் பல்லைப் பார்த்தார்கள், விரலைப் பார்த்தார்கள், கழுத்தில் நம்பர் தொங்கவிட்டார்கள். அதற்கெல்லாம் அவள் அழவில்லை. அழுதது கிளம்பின அன்றைக்குக் காலையில்தான். ஹனிஃபே வீட்டுச் சுவரில் நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் மாட்டியிருந்தது. குல்சூம் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்மாஸ் பிள்ளையைத் தூக்கிக் காலண்டர் முன்னால் நிறுத்தினாள். "தினம் காலையில ஒரு தாள் கிழிச்சுடு கண்ணு. தாளெல்லாம் தீர்ந்துச்சுன்னா அம்மா வந்துடுவேன்." முதல் தாளைப் பிள்ளையே கிழித்தது, கிழித்த சந்தோஷத்தில் கை நழுவியது, அந்த நேரம் பார்த்து இவள் வெளியே ஓடினாள். அதில் எழுதியிருந்த பதினேழு என்கிற இலக்கம்தான் எல்மாஸுக்குத் தானாகப் படிக்க வந்த முதல் இலக்கம். எத்தனை தாள் மிச்சம் இருந்ததென்று அவள் பார்க்கவில்லை. ஜனவரி மாசம் ஹனிஃபே எழுதிப்போட்ட கடிதத்தை ஹாஸ்டலில் ஒருத்தி படித்துக் காட்டினாள். தாள் தீர்ந்த அன்றைக்குப் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்ததாம், மறுநாள் புதுக் காலண்டர் மாட்டியதைப் பார்த்துவிட்டு வீடு அதிரக் கத்தியதாம். அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு அக்டோபர் பதினேழும் எல்மாஸுக்கு ஒரு வாய் சோறு இறங்கியதில்லை, யாருக்கும் சொன்னதும் இல்லை.

அப்புறம் ஏன் கூட்டி வரவில்லை? இதைத்தான் கேட்பார்கள், நாளைக்கு மறுமையிலும் இதைத்தான் கேட்பார்கள். அடுத்த வருஷம் திரும்பிவிடப் போகிறோமே, பிள்ளையை எதற்கு இந்தக் குளிருக்கு இழுத்து வருவது? ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்தான். பீரோ வாங்கவில்லை, அடுத்த வருஷம் போகப் போகிறோம். ஜெர்மன் படிக்கவில்லை, அடுத்த வருஷம் போகப் போகிறோம். அலமாரி மேல் காலிப் பெட்டிகள் இருபது வருஷம் கிடந்தன. இஸ்மெத் வந்தான், எர்தால் பிறந்தான், அந்தக் கோடையில் காரின் தலையில் சாமான் கட்டிக்கொண்டு மூன்று நாள் ஓட்டி ஊருக்குப் போனார்கள். ஊர்ப் பிள்ளைகள் 'அல்மான்ஜி, அல்மான்ஜி' என்று பின்னால் ஓடி வந்தன, ஜெர்மன்காரி ஆகிவிட்டாளாம். ஜெர்மனியில் துருக்கிக்காரி, துருக்கியில் ஜெர்மன்காரி, போகட்டும், அதுவா இப்போது பெரிது. குல்சூம் வாசலில் நின்றாள், ஏழோ எட்டோ வயதிருக்கும், ஏழா எட்டா, அதுகூடத் தெரியவில்லையே. பொம்மையை நீட்டினால் வாங்கவில்லை. ஹனிஃபேயின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு அங்கிருந்து, "அம்மா, இந்த அண்ணி எப்ப போவாங்க?" என்று கேட்டாள். ஹனிஃபே இவளை அண்ணி என்று கூப்பிடுவாள், அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்கும் அண்ணி. அம்மா என்பது ஹனிஃபே. எல்மாஸ் அறைந்துவிட்டாள். ஒரே அறை. பிள்ளை அழவில்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இவளையே பார்த்தது. அந்தப் பார்வைக்கு அப்புறம் எல்மாஸுக்கு அந்தப் பிள்ளையைக் கண்டால் பயம். பெற்ற பிள்ளையிடம் பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? பெரியவளானதும் குல்சூம் அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள், அம்மா என்றும் கூப்பிடவில்லை. ஹனிஃபேயை நீ, வா, போ என்பாள், இவளுக்கு நீங்க, வாங்க, போங்க. போனில்கூட ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. எண்பது. கூட்டி வரப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. எண்பத்திரண்டாம் வருஷம் மனு போட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெர்மன் அதிகாரி காகிதத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான், பத்து விரலைக் காட்டி, பிறகு ஆறு விரலைக் காட்டினான். பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை இனிமேல் விடமாட்டார்களாம், சட்டம் மாறி மாசக்கணக்குதான் ஆகிறது. காகிதத்தில் குல்சூமுக்குப் பதினேழு. நிஜத்தில் பதினாலுகூட முடிந்ததோ இல்லையோ. செத்துப்போன மூத்தவள் வயது மட்டும் வருஷா வருஷம் காகிதத்துக்குள் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஊர் நீதிமன்றத்தில் கேஸ் போட்டு வயதைத் திருத்து என்றார்கள். அந்தக் கோடை லீவில் டவுனுக்குப் போனார்கள், நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது. கோடையில் கோர்ட்டுக்கும் லீவு, செப்டம்பரில் வாங்க என்றான் காவல்காரன். செப்டம்பரில் இவர்கள் தொழிற்சாலையில் இருக்க வேண்டும். அடுத்த கோடையும் போனார்கள், அதே பூட்டு, அதே காவல்காரன், டீ வாங்கிக் கொடுத்தான். ஏன் எல்மாஸ், கோடையில் கோர்ட் திறக்காது என்று உனக்கு இரண்டாவது வருஷம் தெரியாதா? தெரியும். ஒரு மாசம் சம்பளமில்லா லீவு கேட்டிருந்தால் போர்மேன் கொடுத்திருப்பானே, பக்கத்து மேஜைக்காரிக்குக் கொடுத்தானே? கொடுத்திருப்பான். பூட்டியிருக்கும் என்று தெரிந்தேதான் போனாள். போனேன், பார்த்தேன், பூட்டியிருந்தது என்று சொல்லிக்கொள்வதற்காகப் போனாள். அந்தப் பார்வையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு தினம் அதன் எதிரில் சாப்பிட அவளுக்குத் தைரியமில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் முப்பத்தாறு வருஷமாக மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தாள், இன்றைக்கு இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து மாட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த வசந்தத்தில் ஊரில் குல்சூமுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது கூட, முதல் பெண்டாட்டி இறந்தவன். பெண்ணுக்குப் பதினைந்துதான், ஆனால் காகிதத்தில் பதினெட்டு. ஜெர்மனிக்கு வயது கூடிப்போன அதே காகிதம் கல்யாணத்துக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது, ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. போட்டோ வந்தது. சிவப்பு முக்காட்டுக்குள் அந்தக் கண்கள் இருந்தன. எல்மாஸ் அதைச் சுவரில் மாட்டவில்லை.

எண்பத்தாறு. அய்யோ. எண்பத்தாறு எரிகிறது, அணைந்து எரிகிறது, கிழவர் முழங்கையால் இடித்து, "உங்களுதுதான் தங்கச்சி, போங்க" என்கிறார். கால் நடக்கிறது. பனியா, சேறா, வண்டியா. யா அல்லாஹ், ஒரே ஒரு நாள், இத்தனை நாளில் ஒரு நாளைக் கொடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னப் பெண், நகத்தில் ஊதாச் சாயம், இந்த ஊரிலேயே பிறந்தவள் போல, பேச்சில் தெரிகிறது. "உட்காருங்க பெரியம்மா. வாக்குமூலம்தானே? நான் கேக்கக் கேக்கச் சொல்லுங்க, டைப் பண்ணிடறேன்." உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். இத்தனை வருஷமும் எல்லாப் பாரத்திலும் இரண்டு என்றே சொல்லிப் பழகிய வாய் இன்றைக்கு மூன்று என்றது. முதல் பெண் பிறந்தது? மே ஆறு, அறுபத்தைந்து. இறந்தது? முதல் பனி விழுந்த வாரம், டிசம்பர், அறுபத்தாறு. விசைகள் டக்டக்கென்று ஓடின. "இரண்டாவது பெண் குல்சூம் பிறந்த நாள்?" எல்மாஸ் வாயைத் திறந்தாள். "அக்டோபர் பதினேழு" என்றது வாய். தடங்கலே இல்லை, நாற்பத்தேழு வருஷமாக நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்த தேதி, கேட்டதும் குதித்து இறங்கிவிட்டது. "வருஷம்?" "அறுபத்தெட்டு." "அடேயப்பா! நாள் மாசத்தோட சொல்றீங்களே. இங்க வர்றவங்க பாதிப் பேர் ஜனவரி ஒண்ணைத்தான் சொல்வாங்க. உங்க பொண்ணு கொடுத்துவச்சவ, பெரியம்மா." பிரின்டர் ஓடியது. அப்போதுதான் எல்மாஸுக்கு, தான் சொன்னது எந்த நாள் என்று உறைத்தது. இல்லை, அது இல்லை, அழித்துவிடு பெண்ணே என்று சொல்ல வேண்டும். அழித்தால் வேறு என்ன நாளைச் சொல்வது? உள்ளே தேடிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையைப் பற்றி அவளிடம் இருந்த தேதி அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டாள். இரண்டு முத்திரை குத்தி, நகல் ஒன்றை மடித்து அவள் கையில் கொடுத்தார்கள்.

வாசலுக்கு வந்து பெஞ்சில் உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது. குல்சூம். நேராக விஷயத்துக்கு வந்தாள். "முடிஞ்சுதா? என்ன தேதி சொன்னீங்க?" பொய் சொல்லலாம், காகிதம் நாளைக்கு வக்கீல் கைக்குப் போய்விடும், பொய் ஒரு நாள்தான் தாங்கும். "அக்டோபர் பதினேழு" என்றாள் எல்மாஸ். மூச்சு மட்டும் கேட்டது, நோயாளியின் மூச்சு. எல்மாஸ் அவசர அவசரமாகப் பேசினாள், "மகளே, எனக்கு வேற நாளே வரல, எவ்வளவோ யோசிச்சேன், பாதை சரியில்லன்னு உங்கப்பா சொன்னாரு, பனியா சேறான்னு தெரியல, நான் பாவி, நான் பெத்தவளே இல்ல, ஆனா நாள் தெரியல, அந்த ஒரு நாள்தான் என்கிட்ட..." "அந்தத் தாள் என்கிட்ட இருக்கு" என்றாள் குல்சூம். "நான் முதல்ல கிழிச்ச தாள். டப்பாவுல வச்சிருக்கேன். அத்தனையும் கிழிச்சேன், மத்ததெல்லாம் அடுப்புல போட்டுட்டாங்க." இருமினாள், இருமல் அடங்க நேரமானது. "மாத்த வேண்டாம். எனக்கும் ஞாபகம் இருக்கிற முதல் நாள் அதுதான். கல்லுல அதையே போடட்டும்." எல்மாஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை வராதா, திட்டினாலும் போதும், கத்தினாலும் போதும் என்றிருந்தது. தெருவில் எர்தாலின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் ஊர் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"வண்டி வந்துடுச்சு போல. குளிர்ல நிக்காதீங்க" என்றாள் குல்சூம். "போயிட்டு வாங்க, அண்ணி."